புல்லின் அடர்த்தி

புல் இன்னும் கொஞ்சம் அடர்ந்தது.

"போதுமா?" என்றான் அவள் கணவன்.

அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலாகக் கை நீட்டி, கணினி விளையாட்டின் கிராபிக்ஸ் அமைப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தான். நிழல், உச்சம். தண்ணீர், உச்சம். புல்லின் அடர்த்தி, அதற்கு மேல் போகாது.

"காத்துல ஆடுதுங்க" என்றாள்.

ஆடத்தான் செய்தது. மலைச்சரிவு முழுக்க இடுப்பளவு புல். வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், படாத பக்கம் ஒரு நிறம்.

படத்தை இப்படித் துல்லியமாகக் காட்டும் அவளுடைய கிராபிக்ஸ் கார்டு, முதல் கல்யாண நாளுக்கு அவன் வாங்கித் தந்தது. மற்றவர்களுக்குச் சேலை வரும். அவளுக்கு இது வந்தது. அவரோடதைவிட என்னோடதுலதாம்மா நல்லாத் தெரியுது என்று அம்மாவிடம் போனில் வாய் நிறையச் சொன்னாள். அம்மாவுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனாலும் சந்தோஷப்பட்டாள்.

தன் கணினியில் எல்லாவற்றையும் அவன் குறைத்தே வைத்திருந்தான். உங்களோடதையும் ஏத்திக்கலாம்ல என்று அவள் கேட்டதுண்டு.

"எனக்கு எதுக்கு. நீ நல்லாப் பாத்தாப் போதும்."

புருஷன் இப்படிச் சொன்னால் எவளுக்குத்தான் மனசு குளிராது.

ஞாயிறு மதியம் அவனும் மூன்று நண்பர்களும் ஆடுவார்கள். வாரம் முழுக்க அவளிடம் பேசாத பேச்சையெல்லாம் அந்த மதியத்தில் அவர்களிடம் பேசித் தீர்ப்பான். அந்தப் பேச்சில் தனக்கும் ஓர் ஓரம் கிடைக்காதா என்றுதான் அவள் ஆட வந்ததே. துப்பாக்கி மேல் அவளுக்கென்ன ஆசை.

ஆளுக்கு ஆள் எதிரி. அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. செத்தவர் தன் மைக்கை அணைத்துவிட வேண்டும், உயிரோடு இருப்பவர்களைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஆட்டம் முடியும்வரை காதால் கேட்கலாம். வாய் திறக்கக் கூடாது.

எப்போதும் அவள்தான் முதலில் செத்தாள்.

புல்லுக்குள் குப்புறப் படுத்து, அசையாமல் கிடந்தும் செத்தாள். இத்தனை மாதத்தில் நல்லா இருக்கீங்களாண்ணா என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. தனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்று முடிவு கட்டி, கூச்சத்தோடு அவனிடமே வழி கேட்டாள்.

அதற்குத்தான் இன்று புல்லை ஏற்றிக் கொடுத்தான்.

ஆட்டம் தொடங்கியது. வழக்கமான சரிவில் படுத்துக்கொண்டாள். ஹெட்செட்டில் பேச்சே இல்லை. தொடக்கத்தில் எப்போதும் இப்படித்தான். எதிர் மேசையில் அவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு சிரிப்பான். எல்லோரும் கவனமாக ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

அழைப்பு மணி அடித்தது. கேஸ் சிலிண்டர். சிலிண்டர் கொண்டுவருபவரிடம் சொல்ல வேண்டிய எண் அவன் போனுக்குத்தான் வரும்.

"அப்படியே படுத்திரு, அசையாத" என்று சொல்லி, ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

அடுப்படியில் வழியை மறித்துக்கொண்டு வாளி இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. அதை நகர்த்திவைக்க எழுந்து, எதிரே இருந்த அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். ஆட்டத்தின் நடுவே அவன் திரையை அவள் பார்த்ததே இல்லை. பார்த்தால் அது கள்ளாட்டம் அல்லவா.

அவன் திரையில் புல் இல்லை.

அதே மலை, அதே சரிவு. மொட்டை மண். அமைப்பைக் குறைத்து வைத்தால் அந்த விளையாட்டில் புல்லே முளைக்காது என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மண்ணின் நடுவே மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி, கை கால்களை ஒடுக்கிக்கொண்டு குப்புறக் கிடந்தாள்.

அவள்தான்.

மேசையிலிருந்த ஹெட்செட்டில் பேச்சு கசிந்தது. அவளை விட்டுவிட்டு அந்த நால்வருக்கும் தனியாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்ள, தங்கச்சி படுத்துருச்சுடா. போன வாரம் நீ சுட்டுட்ட. இன்னிக்கு என் முறை."

மூன்று நண்பர்களில் ஒருவனான ஜெரால்டின் குரல். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஆக, முறை வைத்து.

தொடக்கத்தில் மட்டும் அவன் ஏன் வாயை மூடிக்கொண்டு சிரிப்பான் என்பதும் அப்போது விளங்கியது. அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவள் தன் நாற்காலியில் இருந்தாள்.

அவன் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினான்.

திரையில் அவள் எழுந்து நின்றாள். புல்லுக்கு மேலே முழுசாக. அவன் இருக்கும் மேட்டுப் பக்கம் திரும்பினாள். அங்கே ஆள் யாரும் தெரியவில்லை. புல்தான் ஆடியது. அழகாகத்தான் ஆடியது.

"ஏய், படுத்துக்கோ. நின்னா தெரிஞ்சிருவ" என்றான் எதிர் மேசையிலிருந்து. குரலில் அத்தனை அக்கறை.

அவள் இன்னும் சாகவில்லை. பேசலாம்.

"ஜெரால்டு அண்ணா, இன்னிக்கு உங்க முறைதானே? சுடுங்க."

ஒருவரும் சுடவில்லை.

"எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கணும்ணா" என்று தொடங்கினாள்.

எதிர் மேசையில் மவுஸ் ஒருமுறை சொடுக்கியது. திரையில் அவள் புல்லுக்குள் செத்து விழுந்தாள்.