முதல் கோப்பை

கோப்பையைத் தூக்கிக்கொண்டு ரஸ் ஹாலரன் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தார். அறை நிறையப் பையன்கள் இருந்தும் ஒருத்தன்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவன் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

ரஸ்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார்.

பேஸ்பாலில் இது பழைய குறும்பு. ஒரு பையன் முதல் தடவையாகப் பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் அடித்துவிட்டுக் குதித்துக்கொண்டு வருவான். பெஞ்சில் இருக்கும் அத்தனை பேரும் அவன் யாரென்றே தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பாவம், அவன் முகம் தொங்கிப்போனதும் மொத்தமாகப் பாய்ந்து கட்டிக்கொண்டு தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டுவார்கள். இந்தப் பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே ரஸ்தான்.

போன வாரம்தான், வீசுகிற பந்தைப் பிடிக்கும் கேட்சர் மேட்டியோ அவரைச் சீண்டினான். "கோச், நீங்க முதல் கோப்பை வாங்கற அன்னைக்கு உங்களுக்கும் அதே மரியாதைதான்."

"முதல்ல வாங்குவோம்டா" என்றார் ரஸ். நம்பிக்கையோடு சொல்லவில்லை.

நம்பிக்கை எங்கிருந்து வரும்? ஒரு காலத்தில் இதே நெப்ராஸ்கா கல்லூரிக்குப் பந்து வீசியவர் அவர். பெரிய அணிகளிலிருந்து ஆட்கள் தேடி வந்து பார்த்த வருடமே தோள் கிழிந்து போனது. அப்புறம் இங்கேயே கோச் வேலை. பஸ் ஓட்டினார், புல் வெட்டினார், பையன்களின் அழுக்குச் சட்டையைத் துவைத்தார். தலை நரைத்ததுதான் மிச்சம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி கேரல் ஒமாஹாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவள், திரும்பவேயில்லை.

இன்று காலை விளையாட்டுத் துறைத் தலைவர் போனில் கூப்பிட்டுப் பட்டென்று சொல்லிவிட்டார். "இன்னைக்குத் தோத்தா அடுத்த சீசனுக்கு வேற ஆள்தான், ரஸ். தப்பா எடுத்துக்காதீங்க."

இந்த வயதில் வேறு எந்த வாசலில் போய் நிற்பது? வேறு தொழிலும் தெரியாது. காலையிலிருந்து ஒரு வாய் காபிகூட உள்ளே இறங்கவில்லை.

ஆட்டத்தைக் காப்பாற்றியவன் டேனர். முதல் பந்திலிருந்து அவன் ஒருவனே வீசினான். முடிய இன்னும் இரண்டு சுற்று இருக்கும்போது மேட்டியோ ஓடி வந்தான்.

"கோச், டேனரை மாத்திடலாமா? பந்து மெதுவா வருது."

"முடியலேன்னு அவன் சொன்னானா?"

"அவன் எப்படி கோச் சொல்லுவான்?"

"அப்போ வீசட்டும். வேற யாரை நம்பி நான் அனுப்பறது?"

பந்து வீசுகிறவன் தன் வாயால் போதும் என்று சொல்லமாட்டான். கோச் நடுமைதானத்துக்கு நடந்து போய்க் கையை நீட்டினால்தான் பந்தைக் கொடுப்பான். ரஸ் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. டேனரும் கடைசிப் பந்துவரை வீசினான். ஒரே ஒரு ரன்னில் ஜெயித்தார்கள்.

ஜெயித்ததும் தலைவர் ஓடி வந்து கட்டிப்பிடித்தார். "அடுத்த வருஷமும் நீங்கதான் ரஸ், நிம்மதியா தூங்குங்க." ஊர் ரேடியோக்காரர் வேறு பிடித்துக்கொண்டார். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் மைதானத்தில் பையன் ஒருத்தனும் இல்லை. கோப்பையைக்கூட எடுக்காமல் போயிருந்தார்கள்.

அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. திருட்டுப் பசங்க, ஆரம்பிச்சுட்டானுங்க என்று நினைத்துக்கொண்டுதான் வந்தார்.

"என்னடா, எல்லாரும் ஊமையாயிட்டீங்களா?" என்றார் இப்போது.

ஒரு பையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். சிரிப்பை மறைக்கிறான் என்று ரஸ் எண்ணினார்.

பின்னாலிருந்து இரண்டு பேர் ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரஸ் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டார். வாளி அவரைத் தாண்டி உள்ளறைக்குப் போய்விட்டது, கதவும் சாத்திக்கொண்டது.

ஓகோ, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கொட்டப்போகிறார்களா? டேனரையும் காணோம். அவன்தான் உள்ளே இருந்துகொண்டு இந்த நாடகத்தை நடத்துகிறான் போல.

"நடிங்கடா, நல்லா நடிங்க. நான் சொல்லிக்கொடுத்த வித்தைதானே?"

மேட்டியோ எழுந்து வந்து எதிரே நின்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன. இவன் எல்லோரையும்விடப் பெரிய நடிகன் என்று ரஸ் ரசித்தார். இத்தனை வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

கோப்பையைத் தரையில் வைத்தார். கிழிந்த தோள் விட்ட மட்டும் கைகளை விரித்தார்.

"சரிடா, நான் தோத்துட்டேன். எல்லாரும் வந்து கட்டிக்கோங்க."

யாரும் அசையவில்லை. மேட்டியோ அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"டேனரோட கை போயிடுச்சு, கோச்."