ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம்

கத்தி தீட்டுகிறவள் மாதிரி, அந்தக் கறுத்த பாட்டிலின் கழுத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள் ஒயின் கடைக்காரி. எதிரே வியர்வை வழிய நின்றவன், அவளுடைய முன்னாள் புருஷன்.

பதினாலு வருஷம் குடித்தனம் நடத்தியவளை, "பாட்டில் துடைக்கிறவளோட இனிமே ஒரே மேஜையில உட்கார முடியாது" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டுப் போன புண்ணியவான். தெருவில் இது தெரியாதவர்கள் கிடையாது. தெரியாதவர்களுக்கும் நாங்கள் சொல்லிவிட்டோம்.

இப்போது அந்த மேஜையில் என்ன வைப்பது என்று அவளிடமே யோசனை கேட்க வந்திருக்கிறான்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் கட்டிக்கப் போற பொண்ணோட அப்பா சாப்பிட வர்றாரு. தோட்டத்துலதான் விருந்து. மனுஷன் திராட்சைத் தோட்டக்காரர். ஒயின் தெரியாதவனுக்குப் பொண்ணு இல்லைன்னு முதல்லயே சொல்லிட்டாரு. அவருக்கு ரெட் ஒயின்தான் வேணுமாம். இந்த வெயில்ல அதை எப்படிக் கொடுக்கிறது? நீதான் சொல்லணும்."

"நான்தான் சொல்லணுமா?"

"உனக்கு வேற என்ன தெரியும்?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் காது சிவந்துவிட்டது. கடைக்காரியை அலமாரிக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"அக்கா, ஆடு தானா வந்து கழுத்தை நீட்டுது, விடாதீங்க. அந்தக் கறுப்பைத் தலையில கட்டுங்க. ராத்திரி பூரா ஐஸ்ல புதைச்சு வைக்கச் சொல்லுங்க. கஷாயம் மாதிரி இறங்கும். கல்யாணம் அதோட காலி!"

"விட்டுடுவேன்னு நினைச்சியா?" என்றாள் கடைக்காரி. பல் நறநறத்தது.

திரும்பி வந்தபோது அவள் கையில் இரண்டு விதப் பாட்டில்கள் இருந்தன. கல்லாப் பெண் சிரிப்பை அடக்கக் கணக்குப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"ரெண்டுலயும் எடுத்துக்குங்க. இந்தக் கறுப்பு கனமான ஒயின். இதை ஐஸ் பக்கமே கொண்டு போகாதீங்க. ரொம்பக் குளிர்ந்தா கசக்கும், நாக்கை இழுத்துப் பிடிக்கும். வீட்டுக்குள்ள நிழலான இடத்துல இருக்கட்டும். கறி வரும்போது ஊத்துங்க."

புத்தகம் கொஞ்சம் இறங்கியது.

"இன்னொண்ணும் ரெட்தான், ஆனா லேசானது. கிளாஸ்ல ஊத்திப் பார்த்தா அந்தப் பக்கம் விரல் தெரியும். வெயிலுக்கு இதைத்தான் முதல்ல கொடுக்கணும். ஐஸும் தண்ணியும் கலந்து, அதுல அரை மணி நேரம் வைங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, சூடாகறதுக்குள்ள கிளாஸ் காலியாகணும்."

புத்தகம் மேஜையிலேயே விழுந்துவிட்டது. ஒரு சொல் பிசகில்லை. நல்ல வாடிக்கையாளருக்கு என்ன சொல்வாளோ, அதையேதான் சொன்னாள்.

"அரை மணி நேரம்தானா?" என்றான் அவன், புருவத்தை உயர்த்தி.

"அரை மணிதான். மறந்துடாதீங்க."

"எனக்குத் தெரியாதா?" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"கதவை உள்பக்கமா இழுங்க" என்றாள்.

அவன் வெளியே தள்ளினான். கதவு அசையவில்லை.

"இழுக்கணும்."

தோளைக் கொடுத்துத் தள்ளினான். அதற்குள் வெளியிலிருந்து வந்த ஒருவர் கதவைத் தள்ளித் திறக்க, நேராக மூக்கில் பட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தான்.

கல்லாப் பெண்ணுக்கு அதில்கூடத் திருப்தி வரவில்லை. "உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா அக்கா? வேணும்னா மாலையும் நீங்களே வாங்கிக் கொடுத்துட்டு வாங்க! நல்லா இருக்கும்!"

கடைக்காரி அடுத்த பாட்டிலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் கல்யாணப் பெண்ணின் சித்தி வந்தாள். சேதியை இறக்கி வைத்தால்தான் மூச்சே விட முடியும் என்கிற முகம்.

"அந்தக் கூத்தை ஏன் கேக்கிறீங்க! கறுப்புப் பாட்டிலை முதல் நாளே ஐஸ்ல புதைச்சு வெச்சிருக்கான். இன்னொண்ணு காலையிலேருந்து வெயில்ல, மேஜை மேல! எங்க அக்கா வீட்டுக்காரர் இதுல ஒரு வாய் வெச்சாரு, மூஞ்சி கோணிப் போச்சு. அதுல ஒரு வாய் வெச்சாரு, பூந்தொட்டியில துப்பிட்டாரு."

"அப்புறம்?" என்றாள் கல்லாப் பெண்.

"'யாருப்பா உனக்கு இந்த யோசனை சொன்னது?'ன்னாரு. 'யாரும் சொல்லலை, எல்லாம் என் சொந்த மூளை'ன்னு நெஞ்சை நிமித்தறான்! இவ்வளவு நாள் அவனுக்காகச் சண்டை போட்ட பொண்ணே சிரிச்சிட்டா. மோதிரம் அவன் கைக்கே திரும்பிப் போயாச்சு."

அடுத்த வீட்டிலும் சொல்ல வேண்டியிருந்ததால் சித்தி உட்காராமலே போய்விட்டாள்.

கல்லாப் பெண் கன்னத்தில் கைவைத்தபடி பார்த்தாள். "நீங்க எல்லாம் சரியாத்தானே அக்கா சொன்னீங்க? நானே கேட்டேனே!"

கடைக்காரி துணியை உதறி, நாலாக மடித்து வைத்தாள்.

"பதினாலு வருஷத்துல ஒரு நாளாவது அந்த மனுஷன் நான் சொன்னபடி செஞ்சிருக்காராடி?"