தினம் பத்தாயிரம் அடி

"நைனா, தினம் பத்தாயிரம் அடி நடக்கிறீங்க. உங்க வாட்ச் கணக்கெல்லாம் என் போனுக்கு வந்துடுது. டாக்டரே அசந்துட்டாரு," என்று சென்னையிலிருந்து போனில் பாராட்டினான் மகன் எழிலன்.

"ஆங், கோயில் படி ஏறிகினுதான் இருக்கேன்," என்றார் சடகோபன், திருத்தணி மலையடிவார டீக்கடை பெஞ்சில் சாய்ந்தபடி.

மறுநாள் காலை எழிலன் அவசரமாகக் கூப்பிட்டான். "நைனா, உங்க நெஞ்சுத் துடிப்பு நூத்தி எழுபது காட்டுது. மேல ஏறாதீங்க. அப்படியே உட்காருங்க."

சடகோபன் உட்கார்ந்துதான் இருந்தார், மூன்றாவது வடையோடு.

வடை கீழே விழுந்தது. இருதய ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு படிகூட ஏறாதவர், மலைப்படிகளில் தடதடவென்று ஏறி ஓடினார்.

பூ விற்கக் கூடையோடு தினமும் மலையேறும் மனைவி ஜெயம்மாவின் கையில்தான் அந்த வாட்சைக் கட்டி அனுப்பியிருந்தார்.