காலியான அலமாரி

ஜன்னலைப் போர்வையால் மூடியிருப்பதால், பட்டப்பகலிலும் அறையில் அழுக்குத் தண்ணீர் போன்ற வெளிச்சம். குரல் பதிவு செய்ய இந்த அறையைத் தயார்ப்படுத்துகிறேன். எதிரொலியை அடக்க எது நல்லது என்று பார்க்க, கனமான பஞ்சுப் பலகையைச் சுவரில் சாய்த்துக் கைதட்டுகிறேன். ஸ்பாஞ்சை மாற்றி வைத்துத் தட்டுகிறேன். வித்தியாசமே தெரியவில்லை, இரண்டு முறையும் சத்தம் செத்து விழுகிறது. என்னைப் பிரிந்துபோன மனைவியின் தம்பி, அலமாரியைத் திறந்து அவள் துணிகளைப் பைகளில் திணிக்கிறான்.

"பாதியையாவது விட்டுட்டுப் போடா. துணி இருந்தா எக்கோ வராது."

"நல்லா கதை விடுறீங்க மாமா. ஒண்ணு விடாம எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கா."

"எடுத்துட்டா ரூம் கத்தும்டா."

"கத்தட்டும். நீங்க கத்தினதை விடவா?"

அவன் கம்பளிக் கோட்டையும் உருவிக்கொள்கிறான். ஹேங்கர்கள் கம்பியில் மோதி, ஆடி, நிற்கின்றன. பைகள் படியில் உரசி இறங்கும் ஓசை அடங்கியதும் மறுபடி தட்டுகிறேன். சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வந்து முகத்தில் அறைகிறது. பலகையை வைத்துத் தட்டுகிறேன், ஸ்பாஞ்சை வைத்துத் தட்டுகிறேன். இப்போது வித்தியாசம் தெளிவாகக் கேட்கிறது. கனமான பலகையையே தேர்ந்தெடுக்கிறேன்.