நாற்பத்தோரு கிலோவுக்கு ஒரு ஷூ

முதுகில் அரிசி மூட்டையோடு லோகநாதன் ஓடி வந்ததைப் பார்த்து, திருவொற்றியூர் தேரடி பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். திருட்டு மூட்டையோ என்று ஒருவர் சந்தேகப்பட்டார். பின்னால் யாரும் துரத்தி வராததால் பேசாமல் நின்றுவிட்டார்.

காலில் புத்தம்புது வெள்ளை ஷூ. மூட்டை, ஷூ கடைக்குப் பக்கத்து அரிசிக் கடையில் இரவல் வாங்கியது. தராசில் வைத்துச் சரியாக நாற்பத்தோரு கிலோ கட்டச் சொல்லியிருந்தான்.

"ரெண்டு நிமிஷம் இருவது செகண்டு" என்றார் ஷூ கடை மஜீது பாய், கையிலிருந்த டிஜிட்டல் வாட்சைப் பார்த்து. செருப்பை மோந்து பார்த்து வாங்குகிறவர்களைக்கூட அவர் பார்த்திருக்கிறார். மூட்டை தூக்கி ஓடிப் பார்த்து வாங்குகிறவனை இன்றுதான் பார்க்கிறார்.

லோகநாதன் மூட்டையை இறக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். வயசு நாற்பத்து மூன்று. மணலியில் வீட்டு வாசலிலேயே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். ஓட்டத்துக்கும் அவனுக்கும் போன மாதம்வரை ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"பத்தல பாய். அந்த நீலத்தக் குடு."

"வெள்ளைக்கு இன்னா நைனா கொறச்சல்? அடியில மெத்த மாரி கீது. தெனம் ஓடிப் பழகறவங்க இதத்தான் வாங்கறாங்க. முட்டி நோவாது."

"அந்த மெத்ததான் பேஜாரு. வெறுங்கையோட ஓடினா சொகமாத்தான் கீது. வெயிட்டோட மிதிச்சா உள்ள அமுங்கி கணுக்கால் பொரளுது. நான் வுழலாம் பாய், வெயிட்டு கீழ வுழக் கூடாது."

மஜீது பாய் நீல ஷூவை எடுத்து வைத்தார். வெள்ளை அளவுக்கு அதில் மெத்து இல்லை, அடி கொஞ்சம் கெட்டி. ஆனால் கயிறு கட்டுகிற வேலை கிடையாது, பட்டையை இழுத்து ஒட்டினால் போதும்.

லோகநாதன் ஷூவைத் தொடாமல் அதன் எதிரே நின்றான். "இப்பவே வாட்ச்ச அமுக்கு பாய். மாட்டற நேரமும் சேத்துதான் கணக்கு."

மஜீது பாய்க்கு விஷயம் விளங்கிவிட்டது. பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. தெருவுக்குத் தெரு மன்றத்துப் பையன்கள் மூட்டை தூக்கி ஓடும் பந்தயம் வைப்பார்கள், ஜெயித்தால் ஒரு எவர்சில்வர் குடம் கிடைக்கும். ஒரு குடத்துக்காகவா இந்த மனுஷன் இப்படி உயிரை விடுகிறான் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எவ்ளோ தூரம் நைனா? நூறு மீட்டரா?"

"ஒரு கிலோமீட்டர். எட்டு நிமிஷத்துல போவணும். இப்ப பன்னெண்டு ஆவுது."

இவன் பக்கம் பந்தயம் ரொம்பப் பெரிசுதான் போல என்று மஜீது பாய் நினைத்துக்கொண்டார். லோகநாதன் பட்டையை ஒட்டி, மூட்டையை முதுகில் ஏற்றினான். ஓடப் போனவன் நின்று, விரலை எச்சில் பண்ணி மேலே தூக்கிப் பார்த்தான். காற்று கடல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அவன் கடல் பக்கமே திரும்பினான்.

"அந்தாண்ட ஓடு நைனா. காத்து முதுவுல தள்ளினா லேசா கீதுல்ல?"

"இல்ல பாய். காத்துக்கு எதிராத்தான் ஓடணும்."

இது என்ன ரூல்சோ என்று முனகிக்கொண்டே மஜீது பாய் வாட்சைப் பிடித்தார். லோகநாதன் ஓடினான். ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில் ஆணி இறங்குவது போல் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூலை வரை போய்த் திரும்பி வந்தான்.

"ரெண்டு நிமிஷம் மூணு செகண்டு. மாட்டின நேரத்தோட" என்றார் மஜீது பாய். "ஆனா உன் மூஞ்சியப் பாத்தாலே தெரீது, முட்டி நோவுது. தெனம் பழக இது வாணாம். ஆறு மாசத்துல காலு பூடும்."

"காலு போனா போவட்டும். நேரம்தான் வோணும்."

"தோத்தா இன்னா நைனா, அடுத்த வர்சம் ஓடிக்கலாம்."

லோகநாதன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. "போன மாசம் ஒரு தபா ஓடினேன் பாய். பாதி தூரத்துல மூச்சு வாங்கி ஒக்காந்துட்டேன். இன்னொரு தபா ஒக்கார முடியாது. ஒக்காந்தா அவ்ளோதான், அதுக்கப்பால நான் இருந்து இன்னா பிரயோஜனம்?"

மஜீது பாய்க்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. ஒரு குடத்துக்கு இவ்வளவு அழுகிறானே என்று பரிதாபமாக இருந்தது. லோகநாதன் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, நீல ஷூவையே எடுத்துக்கொண்டான். பெட்டிகூட வேண்டாம் என்று காலிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பழைய செருப்பைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தபடி மஜீது பாய் ஆறுதலாகச் சொன்னார். "மனச வுட்றாத நைனா. பந்தயம் என்னிக்குன்னு சொல்லு, நானும் வந்து கை தட்றேன்."

"என்னிக்குன்னு தெரியாது பாய்."

"தேதி தெரியாம பந்தயமா?"

"எங்க வூட்டுக்குப் பின்னால கம்பெனி கீது. போன மாசம் மாரி கேஸ் லீக்காயி என்னிக்கு சங்கு ஊதறானோ, அன்னிக்கு ஓடணும்."

லோகநாதன் குனிந்து பட்டையை இன்னும் ஒரு தடவை இறுக்கி ஒட்டினான்.

"என் பொண்ணுக்கு நடக்க வராது பாய்."