நிற்காத சுழலி

தொப்பம்பட்டி மானாவாரிக் காட்டில் ஆடிக்காற்று புழுதியை வாரி இறைக்கிறது. உதிரிகளாக வாங்கித் தானே பூட்டிய ஒற்றையாள் ஜைரோ விமானத்தில், பறக்கத் தயாராக ஹாஃபிஸா உட்கார்ந்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் டூ ஸ்ட்ரோக் இஞ்சின் விசிறியைச் சுழற்றியபடி உறுமுகிறது; தலைக்கு மேல் நீண்ட சுழலி சுற்றுகிறது. காட்டுக்காரர் சுருளிவேல் வரப்பில் நின்று கத்துகிறார். "ஏனம்மிணி, பெரிய இஞ்சினா மாட்டியிருக்கலாமில்ல? இந்தச் சுண்டக்கா நின்னா மேல சுத்துறதும் நின்னுரும். என் காட்டுல பொணம் விழ வேண்டாம், கெளம்பு." பறந்து பார்க்க அவளுக்கு வேறு காடு கிடையாது. போல்ட்டுகளை மூன்று முறை சரிபார்த்த விரலாலேயே இஞ்சினை அணைக்கிறாள். பின்விசிறி ஓய்கிறது. சுழலி ஓயவில்லை, எதிர்க்காற்றை வாங்கி, அவள் மடியில் நிழலை வீசி வீசிச் சுற்றுகிறது. "நல்லாப் பாத்துக்கங்கண்ணே. இது இஞ்சினைக் கேட்டுச் சுத்தல." சுருளிவேல் அண்ணாந்தபடியே நிற்கிறார். பிறகு, அவள் விமானம் ஓடி எழவேண்டிய தடத்தில் மேயும் ஆடுகளை விரட்டுகிறார்.