வசூல் குரல்

வாங்கிய கடனுக்கு வட்டியைக் குறைப்பார்கள் என்று சாந்தாமணி தன் குரலைக் கடன் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். தவணை தவறிய எல்லோரிடமும் நிறுவனத்தின் இயந்திரம் போனில் அவள் குரலில்தான் பேசியது.

பனியன் கம்பெனியிலிருந்து அவள் வீடு திரும்பியபோது, மகள் கவின்மலர் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்ட கண்ணு பேசற?"

"உன்ற குரல்கிட்டத்தாம்மா. தவணை கேட்டுக் கூப்பிட்டுச்சு. நீ வேலைக்குப் போயிட்டேன்னு சொன்னேன். பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சுன்னு கேக்குது."

சாந்தாமணி போனைப் பிடுங்கி அணைத்தாள். "போய்ப் படி!" என்று கத்தினாள்.

கவின்மலரின் முகம் வாடியது. "அது என்னைத் திட்டவே திட்டாது."

சாந்தாமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மகளை அருகே இழுத்துக்கொண்டாள்.

"என்ன நடந்துச்சு? எனக்குச் சொல்லு சாமி."

கவின்மலர் ஆசையோடு சொல்லத் தொடங்கினாள். நாலு வார்த்தை கேட்பதற்குள் சாந்தாமணி தூங்கிப்போனாள்.